அடுத்த பீஸ் யாருடையது?

பியானோ படிக்கத் தொடங்கி மூன்று, நான்கு ஆண்டுகள் ஆன மாணவி ஒரு கட்டத்தில் "அடுத்து என்ன மிஸ்?" என்று கேட்பாள். கிரேடு 3 முடிந்திருக்கும். இரண்டு கைகளும் தனித்தனி வேலை செய்யப் பழகியிருக்கும். பெடலில் கால் வைக்கத் துணிந்திருப்பாள். அப்போது ஆசிரியர்களாகிய நாங்கள் எடுத்துக் கொடுக்கும் பீஸ்கள் பெரும்பாலும் ஒன்றேதான்: பாஹ் பெயரில் வரும் மினுவெட், கிளெமென்டியின் சொனாட்டினா, பர்க்முல்லரின் பயிற்சிகள், ஷூமனின் சிறுவர் தொகுப்பு, பிறகு எல்லோரும் ஆசைப்படும் பேத்தோவனின் 'ஃப்யூர் எலிஸ்'. தலைமுறைகளாகக் கைமாறி வரும் பட்டியல் இது.

இயற்றியவர் என்று இதில் ஒரு பெண்ணின் பெயரும் கிடையாது. ஆனால் மனைவியாக, மகளாக, 'எலிஸுக்காக' என்ற தலைப்பாகப் பெண்கள் நிறையவே இருக்கிறார்கள். எலிஸ் யார் என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மினுவெட்டிலிருந்து தொடங்கலாம். இது அன்னா மக்டலேனா பாஹின் 1725ஆம் ஆண்டு நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. அந்த நோட்டில் பெரும்பகுதி அவரே கைப்பட எழுதியது. அன்னா மக்டலேனா கோத்தன் அரசவையில் சம்பளம் வாங்கிய பாடகி. 1721இல் பாஹைத் திருமணம் செய்து, 13 பிள்ளைகளைப் பெற்று, அவர்களில் ஏழு பேரைப் பறிகொடுத்தார். இதற்கிடையே கணவரின் இசைப்பிரதிகளையும் படியெடுத்துக் கொடுத்தார். கணவருக்குப் பின் உதவித்தொகையை நம்பி வாழ்ந்து, 1760இல் வறுமையில் இறந்தார். மினுவெட்டை இயற்றியவர் பாஹ் அல்ல, கிறிஸ்டியன் பெட்சோல்ட் என்பது 1970களில் தெரியவந்தது. இன்று பல புத்தகங்களில் பெயர் திருத்தப்பட்டிருக்கிறது. ஓர் ஆணுக்குச் சேர வேண்டிய பெயர் 200 ஆண்டுகள் கழித்தும் போய்ச் சேர்ந்துவிட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய நடுத்தர வர்க்க வீடுகளில் பியானோ நுழைந்தபோது, அதன் முன் உட்கார வைக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் மகள்கள். எளிய பீஸ்களுக்குப் பெரிய சந்தை உருவானது அவர்களால்தான். ஆனால் அவர்கள் எதுவரை போகலாம் என்பதற்கு ஒரு கோடும் கிழிக்கப்பட்டிருந்தது. 1820இல் ஆப்ரஹாம் மெண்டல்சோன் தன் 14 வயது மகள் ஃபேனிக்கு எழுதிய கடிதத்தில் இந்தக் கோடு தெளிவாகத் தெரிகிறது. தம்பி ஃபெலிக்ஸுக்கு இசை தொழிலாகலாம். உனக்கோ அது அலங்காரமாக மட்டுமே இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். பெண் பார்க்க வரும் அன்று ஒரு பாட்டுப் பாடச் சொல்லி, கல்யாணம் முடிந்ததும் சுருதிப்பெட்டியைப் பரணில் ஏற்றிய வீடுகளை அறிந்த நமக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை. ஃபேனி 400க்கும் மேற்பட்ட படைப்புகளை எழுதினார். அவற்றில் ஆறு பாடல்கள் தம்பியின் பெயரில் அச்சாயின. தன் பெயரில் ஓபஸ் 1ஐ வெளியிட்டபோது அவருக்கு வயது 40. மறு ஆண்டே, 1847இல், இறந்துபோனார்.

ஷூமனின் சிறுவர் தொகுப்பும் (ஓபஸ் 68, 1848) ஒரு மகளுக்காகப் பிறந்ததுதான். மூத்த மகள் மாரியின் ஏழாவது பிறந்தநாளுக்கென எழுதத் தொடங்கியது, 43 பீஸ்களாக வளர்ந்தது. அந்த வீட்டில் கிளாரா ஷூமனும் இருந்தார். ஐரோப்பா அறிந்த பியானோ கலைஞர், இசையமைப்பாளரும்கூட. மணமான புதிதில், கணவர் எழுதும் நேரங்களில் அவர் பியானோவைத் தொட முடியாதிருந்தது.

அடுத்து பாரிஸ். பர்க்முல்லரின் 25 எளிய பயிற்சிகள் (ஓபஸ் 100) அங்கேதான் வெளிவந்தன. அவற்றில் உள்ள 'அரபெஸ்க்' பீஸை வாசிக்காத பியானோ மாணவி அரிது. அதே நகரில், அதே காலத்தில் லூயிஸ் ஃபராங்கும் 25 எளிய பயிற்சிகளை எழுதினார். அவை ஓபஸ் 50. ஃபராங்க் 1842 முதல் 1873 வரை பாரிஸ் இசைக்கல்லூரியில் பியானோ பேராசிரியர். மாணவிகளின் வகுப்பு மட்டுமே அவருக்குக் கொடுக்கப்பட்டது. எட்டு ஆண்டுகள் ஆண் பேராசிரியர்களைவிடக் குறைந்த சம்பளம் வாங்கினார். ஒன்பது வாத்தியங்களுக்கான அவருடைய 'நோனெட்' வெற்றி பெற்ற பிறகு, 1850இல், சம ஊதியம் கேட்டுப் பெற்றார். கணவரோடு சேர்ந்து 1861 முதல் பழைய விசைப்பலகை இசையைத் தேடித் தொகுத்து வெளியிட்டார். கணவர் இறந்த பிறகும் அந்தப் பணியைத் தனியாக முடித்தார். பிறருடைய பெயர்களை அடுத்த தலைமுறைக்கு எடுத்துக் கொடுத்தவரின் பெயர் 1875இல் அவர் இறந்த பிறகு மங்கிப்போனது.

"நல்ல இசையா என்று பார்த்தால் போதாதா, ஆணா பெண்ணா என்று ஏன் பார்க்க வேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் பர்க்முல்லரையும் ஃபராங்கையும் அருகருகே வாசித்துப் பார்த்து யாரும் இந்தப் பட்டியலைப் போடவில்லை. ஆசிரியர் கற்றதை மாணவிக்குக் கொடுத்தார். விற்றதைப் பதிப்பாளர் மறுபடி அச்சிட்டார். அப்படியே நிலைத்துவிட்டது. 'எளிது' என்ற சொல்லுக்கும் இரண்டு எடைகள் இருந்தன. ஷூமன் எளிதாக எழுதினால் அது மேதையின் கனிவு. பெண் எளிதாக எழுதினால் அவளால் முடிந்தது அவ்வளவுதான்.

அவளால் எவ்வளவு முடியும் என்பதற்கு அமெரிக்காவின் ஏமி பீச் ஒரு சான்று. 1885இல், 18 வயதில், பாஸ்டன் நகர மருத்துவர் ஒருவரை மணந்தார். கச்சேரிகளைக் குறைத்துக்கொள்ள வேண்டும், பியானோ கற்பிக்கக் கூடாது என்பவை அந்த மணத்தின் நிபந்தனைகள். இசையமைப்பை ஆசிரியரிடம் முறையாகப் படிக்கவும் கணவர் இசையவில்லை. புத்தகங்களை வைத்துத் தானே கற்றுக்கொண்டார். 1896இல் அவருடைய சிம்பொனியைப் பாஸ்டன் சிம்பொனி இசைக்குழு வாசித்தது. மறு ஆண்டு சிறுவர்களுக்காக ஐந்து பீஸ்கள் கொண்ட தொகுப்பை (ஓபஸ் 36) வெளியிட்டார். இத்தனைக்கும் தன் படைப்புகளை அவர் வெளியிட்டது 'மிஸஸ் எச். எச். ஏ. பீச்' என்ற பெயரில். முன்னெழுத்துகளும் கணவருடையவை.

அந்த ஐந்தும் மினுவெட், கவோட், வால்ட்ஸ், மார்ச், போல்கா. பெட்சோல்டின் மினுவெட்டை முடித்த மாணவிக்கு நான் இப்போது பீச்சின் மினுவெட்டைத் தருகிறேன். மூன்று எண்ணிக்கைத் தாளம் கைக்குப் பழகியது. ஒலி மட்டும் வேறு நூற்றாண்டைச் சேர்ந்தது. பழகியதில் ஒரு கால், புதியதில் ஒரு கால் என்பதே அடுத்த பீஸுக்கு நல்ல அளவுகோல். பர்க்முல்லரை ஒரு வாரம் கொடுத்தால், ஃபராங்கின் பயிற்சி ஒன்றை மறு வாரம் கொடுக்கிறேன். இன்னும் கொஞ்சம் தேர்ந்தவர்களுக்கு செசீல் ஷமினாட்டின் சிறுவர் தொகுப்புகள் (ஓபஸ் 123, 126) இருக்கின்றன. 'ஃப்யூர் எலிஸ்' எங்கும் ஓடிவிடாது. அதன் தொடக்கப் பகுதி எளிது. நடுப்பகுதிகளுக்கு விரல்கள் இன்னும் ஓராண்டு உழைத்துவிட்டு வரட்டும்.

ஃபராங்க், பீச், ஷமினாட் மூவரின் படைப்புகளுக்கும் நம் நாட்டில் பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இன்று வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக் கொடுப்பவர்களில் பெண்கள் ஏராளம். 'அடுத்து இதை வாசி' என்று சொல்லும் அதிகாரம் நம் கையில் இருக்கிறது. பெட்சோல்டின் பெயரைத் திருத்திக்கொள்ள முடிந்த நமக்கு, ஃபராங்கின் பெயரையும் அந்த நோட்டில் எழுதிக் கொடுக்க ஒரு பென்சில் போதும்.