தூக்குக்குண்டு பொய் சொல்லுமா?

எங்கள் வீட்டு மாடியில் ஓர் அறை கட்டியபோது வந்த கொத்தனார், நாலு வரிசை செங்கல் ஏறியதும் கொஞ்சம் தள்ளி நின்று சுவரையே பார்ப்பார். அப்புறம் பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்துத் தொங்கவிடுவார். ஒருநாள், என் கண்ணுக்கு நேராகத் தெரிந்த சுவரில் இரண்டு வரிசையைப் பிரிக்கச் சொல்லிவிட்டார்.

"பார்க்க நேராத்தானே இருக்கு அண்ணே?" என்று கேட்டேன்.

"கண்ணு பொய் சொல்லும் தம்பி. நூலு பொய் சொல்லாது."

அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நூலும் சாயும், பக்கத்தில் ஒரு பெரிய மலை இருந்தால் குண்டு அதன் பக்கம் கொஞ்சம் ஒதுங்கும் என்பதைப் பிற்பாடுதான் படித்தேன். அந்தச் சாய்வு தலைமுடியைவிட மெல்லிய விஷயம். ஆனால் அதைத் துரத்திக்கொண்டு போனவர்கள்தான், நம் காலுக்குக் கீழே பூமி எப்படி இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். அந்தக் கதை தொடங்குகிற இடம் சென்னை பரங்கிமலை.

1802 ஏப்ரல். கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் ராணுவ அதிகாரியாக இருந்த வில்லியம் லாம்டன், பரங்கிமலைப் பக்கத்தில் ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு நேர்கோட்டை அளக்க ஆரம்பித்தார். திப்பு சுல்தான் வீழ்ந்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. பிடித்த நாட்டுக்கு வரைபடம் வேண்டும், வரி போட வேண்டும், படை நடத்த வேண்டும். கம்பெனியின் கணக்கு அது. லாம்டனுக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. பூமியின் சரியான வடிவம் என்ன என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

அளக்கப் பயன்பட்டது 100 அடி இரும்புச் சங்கிலி. அதற்கே ஒரு கதை உண்டு. 1793இல் பிரிட்டிஷ் தூதுக்குழு ஒன்று சீனப் பேரரசரைக் கவர அறிவியல் கருவிகளைக் கொண்டுபோனது. அரண்மனை அவற்றைப் பெரிதாக மதிக்கவில்லை. மீந்துபோன கருவிகள் சில குழுவின் விஞ்ஞானியோடு கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தன. சீனச் சக்கரவர்த்தி வேண்டாமென்று விட்ட சங்கிலி, கடைசியில் பரங்கிமலையில் நீட்டப்பட்டது. வெயிலில் இரும்பு நீளும் என்பதால் அதை மரத்தொட்டிகளில் கிடத்தி, பக்கத்தில் வெப்பமானி வைத்து, ஒவ்வொரு நூறடிக்கும் சூட்டைக் குறித்துக்கொண்டே போனார்கள். இப்படி நானூறு தடவை.

ஒரு பக்கத்தின் நீளம் தெரிந்துவிட்டால், மிச்சத்தை முக்கோணங்கள் பார்த்துக்கொள்ளும். ஒரு பக்கமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் மற்ற இரண்டு பக்கங்களும் கிடைத்துவிடும், பத்தாம் வகுப்புக் கணக்கு. அந்தப் பக்கத்தின் மேல் இன்னொரு முக்கோணம், அதன்மேல் இன்னொன்று. குன்று இல்லாத சமவெளியில் கோபுரங்கள்மீது ஏறினார்கள். கோணம் அளக்கும் தியோடலைட் அரை டன் எடை. லண்டனிலிருந்து வந்த வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலோடு அதைப் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோனார்கள். என்ன கருவி என்று தெரிந்ததும் சென்னைக்கே அனுப்பிவைத்தார்கள். எதிரியிடம் தப்பிய கருவிக்குத் தஞ்சாவூரில் நேரம் சரியில்லை. 1808இல் பெரிய கோயிலில் அதை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, கோணம் காட்டும் வட்டம் நெளிந்துவிட்டது. லாம்டன் ஆறு வாரம் உட்கார்ந்து, பாத்திரத்துக்கு ஒடுக்கு எடுப்பதுபோல, வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துச் சரிசெய்தார். அதே கருவி அதற்கப்புறமும் பல வருஷம் உழைத்தது.

லாம்டன் 1823இல், இன்றைய மகாராஷ்டிரத்தின் ஹிங்கன்காட்டில், வேலைக்கு நடுவிலேயே இறந்தார். உதவியாளராக இருந்த ஜார்ஜ் எவரெஸ்ட் தொடர்ந்தார். கன்னியாகுமரியிலிருந்து இமயமலை அடிவாரம் வரை சுமார் 2,400 கிலோமீட்டருக்கு முக்கோணங்கள் நின்றன.

இங்கேதான் அந்தப் பிழை வருகிறது.

ஓர் ஊர் இன்னோர் ஊருக்கு வடக்கே எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று கண்டுபிடிக்க இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, தரையில் முக்கோணங்களால் அளப்பது. இன்னொன்று, வானத்தைப் பார்ப்பது. ஒரு குறிப்பிட்ட நட்சத்திரம் உச்சந்தலைக்கு நேர் மேலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று இரண்டு ஊர்களிலும் அளந்தால், வித்தியாசம் கிடைத்துவிடும். ஆனால் 'நேர் மேல்' என்பதை யார் சொல்வது? தூக்குக்குண்டுதான். நூல் தொங்குகிற திசை கீழ், அதற்கு நேர் எதிர் மேல்.

மத்திய இந்தியாவில் கலியான்பூர், வடக்கே மலைகளை நோக்கிய சமவெளியில் கலியானா. இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே சுமார் 600 கிலோமீட்டர். இரண்டு வழியிலும் அளந்தபோது விடைகள் ஒட்டவில்லை. வித்தியாசம் 5.236 விநாடி. இது கடிகார விநாடி இல்லை, கோணத்தின் விநாடி. ஒரு டிகிரியை 3,600 துண்டாக்கினால் ஒரு துண்டு. தரையில் பார்த்தால் சுமார் 160 மீட்டர். 600 கிலோமீட்டருக்கு 160 மீட்டர்! நம்மில் யாராக இருந்தாலும் விட்டுத்தள்ளு என்றுதான் சொல்லியிருப்போம்.

எவரெஸ்ட்டும் ஏறக்குறைய அதைத்தான் செய்தார். தரையளவில் சேர்ந்துகொண்டே வந்த சின்னச் சின்னத் தவறுகளின் கூட்டுத்தொகை என்று எடுத்துக்கொண்டு, அதைப் பகிர்ந்து சரிக்கட்டினார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காரணம் இருக்கிறது. கல்லூரி பிசிக்ஸ் லேபில் தனி ஊசலை ஆட்டி g கண்டுபிடிக்கும்போது எனக்கு 9.8 வந்ததே இல்லை. 9.3 வரும், 10.4 வரும். என்ன செய்வோம்? 9.8இலிருந்து பின்பக்கமாகக் கணக்குப் போட்டு, அதற்கேற்ற ரீடிங்கை ரெக்கார்டு நோட்டில் எழுதுவோம். நீங்களும் செய்திருப்பீர்கள். எங்களுக்கு 9.8 முக்கியம், எங்கள் ஊசல் என்ன சொன்னது என்பது முக்கியமில்லை. எவரெஸ்ட் எங்களை மாதிரி ரீடிங்கை மாற்றவில்லை, அளந்ததை அளந்தபடியே எழுதிவைத்தார். அந்த நேர்மைதான் அடுத்து வந்தவருக்கு வழிவிட்டது.

அடுத்து வந்தவர் ஜான் ஹென்றி பிராட். கல்கத்தா ஆங்கிலிக்கன் திருச்சபையில் ஆர்ச்டீக்கன் என்ற உயர்பதவியில் இருந்த பாதிரியார். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். அவருக்கு வேறொரு சந்தேகம்: தவறு தரையளவில் இல்லாமல் தூக்குக்குண்டில் இருந்தால்?

சந்தேகம் புதிதில்லை. எல்லாப் பொருளும் எல்லாப் பொருளையும் இழுக்கிறது என்றால் மலையும் குண்டை இழுக்கத்தானே வேண்டும்? 1730களின் இறுதியில் பியர் பூகே என்ற பிரெஞ்சுக்காரர் தென்னமெரிக்காவின் சிம்போராசோ மலைச்சரிவில் குளிரில் நடுங்கிக்கொண்டு இதைச் சோதித்தார். மலை இழுத்தது, ஆனால் அவர் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக. எரிமலை என்பதால் உள்ளே பொந்தாக இருக்குமோ என்று யோசித்தார். 1774இல் நெவில் மாஸ்கலின் ஸ்காட்லாந்தின் ஷிஹாலியன் மலையில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் இழுப்பை அளந்தார். அதை வைத்துப் பூமியின் அடர்த்தியைக் கணக்கிட்ட சார்லஸ் ஹட்டன், மலையின் உருவத்தைக் காகிதத்தில் பிடிப்பதற்காகச் சம உயரமுள்ள புள்ளிகளை இணைத்துக் கோடு போட்டார். இன்று மலையேறுகிறவர்கள் கையில் இருக்கும் வரைபடங்களில் சுருள்சுருளாகத் தெரியும் கோடுகள் அவைதான்.

பிராட், இமயமலையையும் அதன் பின்னால் கிடக்கும் திபெத் பீடபூமியையும் துண்டு துண்டாகப் பிரித்தார். ஒவ்வொரு துண்டின் உயரம் என்ன, எடை என்ன, அது கலியானாவில் தொங்கும் குண்டை எவ்வளவு இழுக்கும், கலியான்பூர்க் குண்டை எவ்வளவு இழுக்கும் என்று கையாலேயே கணக்குப் போட்டார். 1854 டிசம்பரில் அவர் கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டியில் வாசிக்கப்பட்டது. இரண்டு ஊர்களுக்கும் நடுவே வரவேண்டிய வித்தியாசம் 15.885 விநாடி.

கவனித்தீர்களா? அளந்தபோது வந்தது 5.236.

கல்லாவில் ஐந்து ரூபாய் குறைகிறது. திருடனைப் பிடித்துவிட்டோம். அவனோ, "பதினைந்து ரூபாய் எடுத்தேன் சார்" என்கிறான். அப்படியானால் யாரோ நமக்குத் தெரியாமல் கல்லாவில் பத்து ரூபாயைத் திருப்பி வைத்திருக்க வேண்டும். பிழை ஏன் வந்தது என்ற கேள்வி போய், பிழை ஏன் இவ்வளவு குறைவு என்ற கேள்வி வந்துவிட்டது. இமயமலை தன் உருவத்துக்கு ஏற்ற எடை இல்லாததுபோல நடந்துகொண்டது.

விடை சில வாரங்களிலேயே வந்தது. பிரிட்டனின் அரசு வானியலாளர் ஜார்ஜ் ஏரி, இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்று எழுதினார். பூமியின் மேல்தோல் கெட்டியான தரையில் உட்கார்ந்திருக்கவில்லை, தன்னைவிட அடர்த்தியான இளகிய பொருளின்மேல் மிதக்கிறது என்றார். தண்ணீரில் மிதக்கும் மரக்கட்டைகளை நினைத்துப்பாருங்கள். எது தண்ணீருக்கு மேலே அதிகம் தெரிகிறதோ, அதுதான் கீழேயும் அதிகம் முங்கியிருக்கும். மலைக்கும் அப்படியே. மேலே தெரிகிற சிகரத்துக்குக் கீழே லேசான பாறையாலான வேர் ஒன்று ஆழத்தில் இறங்கியிருக்கிறது. அந்த வேர் இல்லாவிட்டால் அந்த இடத்தில் அடர்த்தியான பொருள் இருந்திருக்கும். அந்தக் குறைதான் திருப்பி வைக்கப்பட்ட பத்து ரூபாய்.

பிராட் இதை ஏற்கவில்லை. மலை என்பது புளித்துப் பொங்கிய மாவு மாதிரி, உயர்ந்த அளவுக்கு அடர்த்தி குறைந்திருக்கிறது, வேரெல்லாம் தேவையில்லை என்றார். இன்றைய புவியியல் இருவருக்கும் இடம் கொடுத்திருக்கிறது. இமயமலை விஷயத்தில் ஏரி ஜெயித்தார். வழக்கமாக 35, 40 கிலோமீட்டர் தடிமன் இருக்கும் கண்ட மேலோடு, இமயமலை, திபெத் பகுதியில் 70 கிலோமீட்டர் வரை போகிறது. கடலடித் தரையின் உயரத்தை விளக்க பிராட்டின் வழி உதவுகிறது.

மிதக்கிற பொருள் என்றால் பாரத்தை இறக்கினால் மேலே வரவேண்டுமே? வருகிறது. பனியுகத்தில் ஸ்காண்டிநேவியாவின் மேல் கிலோமீட்டர் கணக்கில் பனி ஏறி நின்று நிலத்தை அழுத்தியது. பனி உருகி ஏறக்குறைய பத்தாயிரம் வருஷம் ஆகிவிட்டது. நிலம் இன்னும் நிமிர்ந்துகொண்டிருக்கிறது. ஸ்வீடனுக்கும் பின்லாந்துக்கும் நடுவே போத்னியா வளைகுடாவில், சில இடங்களில் வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். அங்கே பழைய துறைமுகங்கள் கடலைவிட்டுத் தள்ளிப்போய்விட்டன.

இவ்வளவும் ஐந்து விநாடியிலிருந்து வந்தது. அந்த ஐந்து விநாடிக்குக் கொடுத்த விலையையும் சொல்லவேண்டும். காட்டுக்காய்ச்சல் இந்த நில அளவையில் ஏராளமானவர்களைக் கொன்றது. எவரெஸ்ட்டுக்கே பலமுறை வந்தது, பிழைத்தார். அவர் பெயர், அவர் அளக்காத ஒரு சிகரத்துக்குப் போனது. அவரிடம் கணக்காளராகச் சேர்ந்த வங்காளி ராதாநாத் சிக்தாரின் பெயரை இன்று கொஞ்சம் பேராவது சொல்கிறார்கள். மலையுச்சியில் கொடி பிடித்து நின்றவர்கள், ராத்திரி விளக்கேந்தி நின்றவர்கள், அரை டன் கருவியைத் தஞ்சாவூர்க் கோயிலில் தூக்கியவர்கள்? சங்கிலியின் வெப்பநிலைகூடக் குறித்துவைக்கப்பட்டது, இவர்களில் பெரும்பாலோர் பெயர் குறிக்கப்படவில்லை. கணக்கிலிருந்து துடைக்கப்பட்டவர்கள் என்றால் முதலில் இவர்கள்தான்.

கடைசியாக ஒன்று. ஏரி தன் வானாய்வுக்கூடத்தில், லண்டன் கிரீனிச்சில், 1851இல் ஒரு தொலைநோக்கியை இயக்கத் தொடங்கினார். அதன் வழியாகப் போகும் கோட்டைத்தான் 1884இல் உலகத்தின் பூஜ்ஜிய தீர்க்கரேகையாக ஏற்றார்கள். இன்றும் சுற்றுலாப் பயணிகள் அந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் காலை வைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். கையிலிருக்கும் போனில் ஜிபிஎஸ்ஸைப் பார்த்தால் பூஜ்ஜியம் வராது. கிழக்கே 102 மீட்டர் நடந்தால், பூங்காவுக்குள் எந்த அடையாளமும் இல்லாத ஓரிடத்தில்தான் வரும்.

முக்கியக் காரணம், கிரீனிச்சிலும் 'நேர் கீழ்' கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. அங்கே பெரிய மலை எதுவும் இல்லை. பூமியின் உள்ளே எடை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பரவியிருக்கவில்லை, அவ்வளவுதான். ஏரி திசை பார்க்கப் பயன்படுத்தியது பாதரசம் நிரப்பிய ஒரு தொட்டி. அதுவும் தூக்குக்குண்டு காட்டுகிற அதே கீழ்த்திசையைத்தான் காட்டும். செயற்கைக்கோள்களோ பூமியின் மையத்தை வைத்து அளக்கின்றன. இமயமலையின் குண்டு ஏன் சாய்ந்தது, ஏன் போதுமான அளவு சாயவில்லை என்று உலகத்துக்கு விளக்கிய மனிதரின் சொந்தக் கோடே, அதே சாய்வால் 102 மீட்டர் தள்ளி நிற்கிறது.

கொத்தனார் அண்ணனை மறுபடி பார்த்தால் அவர் சொன்னது சரிதான் என்றுதான் சொல்வேன். நூல் பொய் சொல்லவில்லை. அது மலையையும் மலையின் வேரையும் சேர்த்தே சொல்லிக்கொண்டிருந்தது. நாம்தான் அதைப் பிழை என்று எழுதிவைத்தோம்.