சூ ஷி

சூ ஷி (1037–1101): சீனாவில் சோங் மரபினர் ஆண்ட காலத்து அறிஞர், அரசு அலுவலர், கவிஞர், கையெழுத்துக் கலைஞர். சூ தோங்போ என்ற பெயராலும் அறியப்படுபவர். எழுத்தால் பதவி பெற்று, எழுத்தாலேயே சிறை சென்றவர்.

தேர்வும் பதவியும்

சிச்சுவான் பகுதியிலுள்ள மெய்ஷானில் பிறந்தார். 1057இல் தலைநகர் காய்ஃபெங்கில் நடந்த அரசுத் தேர்வில் இவரும் தம்பி சூ சேயும் ஒருசேரத் தேறினர். விடைத்தாளில் எழுதியவர் பெயரை மறைத்து, எழுத்தர்கள் படியெடுத்த பிரதியையே தேர்வாளரிடம் கொடுப்பது அக்கால வழக்கம். சூ ஷியின் கட்டுரையைத் தம் மாணவர் எழுதியதாகக் கருதிய தலைமைத் தேர்வாளர் ஓயாங் சியூ, பாரபட்சம் என்ற பழிக்கு அஞ்சி அதை இரண்டாம் இடத்தில் வைத்தார் என்பர்.

அவ்வாண்டே தாயும் 1066இல் தந்தையும் இறந்தனர். பெற்றோர் இறந்தால் அலுவலர்கள் பதவி விலகி 27 மாதம் துக்கம் காக்க வேண்டியிருந்தது. இருமுறையும் ஊர் திரும்பினார். இடையில் 1061இல் ஃபெங்சியாங்கில் முதல் பதவி ஏற்றார்.

சீர்திருத்தமும் சிறையும்

பேரரசர் ஷென்சோங்கின் ஆதரவுடன் அமைச்சர் வாங் ஆன்ஷி 1069இல் தொடங்கிய சீர்திருத்தங்களில் ஒன்று, உழவர்களுக்கு 20 விழுக்காடு வட்டியில் அரசே கடன் கொடுக்கும் திட்டம். ஏழைகளுக்கு இது சுமையாகும் என்று வாதிட்ட சூ ஷி, 1071இல் ஹாங்சோவின் துணை ஆட்சியராகத் தலைநகரை விட்டுச் சென்றார். பின்னர் சூசோவின் ஆட்சியராக இருந்தபோது, 1077இல் மஞ்சள் ஆற்று வெள்ளம் நகரைச் சூழ்ந்தது. படைவீரர்களையும் மக்களையும் திரட்டி மதில்களை உயர்த்தி நகரைக் காத்தார்.

1079இல் அரசை இகழ்ந்து எழுதியதாகக் கைதானார். கடன் திட்டத்தையும் அரசின் உப்பு விற்பனை உரிமையையும் குத்திக்காட்டும் அவருடைய கவிதைகளே சான்றுகளாயின. மரண தண்டனைக்கு அஞ்சியிருந்தவர், சில மாதச் சிறைக்குப் பின் அதிகாரமற்ற ஒரு பதவிப் பெயருடன் ஹுவாங்சோவுக்கு நாடு கடத்தப்பட்டார். வருவாய் போதாமல் அங்கே தரிசு நிலத்தைத் திருத்திப் பயிரிட்டார். கிழக்குச் சரிவில் இருந்த அந்நிலமே 'தோங்போ' என்ற பெயரைத் தந்தது. செம்பாறையைப் பற்றிய இரு புகழ்பெற்ற படைப்புகளையும் 1082இல் இங்கேயே எழுதினார்.

மீட்சியும் கடைசி நாடுகடத்தலும்

1085இல் ஷென்சோங் இறந்தார். சிறுவனான புதிய பேரரசர் பெயரில் ஆண்ட மூத்த பேரரசி காவ், சூ ஷியைத் திரும்ப அழைத்தார். சீர்திருத்தங்களை அடியோடு நீக்க முனைந்த சொந்த அணியினரையும் சூ ஷி எதிர்த்தார். அவற்றில் ஒன்றான, கூலி கொடுத்து அரசுப் பணிக்கு ஆள் அமர்த்தும் முறை நீடிக்க வேண்டும் என்றார். இரு தரப்பின் பகையும் சேரவே, 1089இல் ஆட்சியராக ஹாங்சோ சென்றார். தூர்ந்திருந்த மேற்கு ஏரியைத் தூர்வாரி, அந்தச் சேற்றைக் கொண்டே ஏரியின் குறுக்கே கரை எழுப்பினார். சூ கரை எனப்படும் அது இன்றும் உள்ளது.

1093இல் காவ் இறந்தபின் சீர்திருத்த அணி மீண்டும் தலையெடுத்தது. 1094இல் தெற்கே ஹுய்சோவுக்கும், 1097இல் கடல் கடந்து ஹைனான் தீவுக்கும் அனுப்பப்பட்டார். 1100இல் மன்னிப்புப் பெற்று வடக்கே திரும்பும் பயணத்தில், 1101இல் சாங்சோவில் காலமானார்.

மறைவுக்குப் பின்

பேரரசர் ஹுய்சோங் ஆட்சியில் சூ ஷியின் பெயர் கல்லில் பொறித்த குற்றவாளிகள் பட்டியலில் இடம்பெற்றது, நூல்கள் தடைசெய்யப்பட்டன. வடசீனாவை இழந்து தெற்கே தொடர்ந்த சோங் அரசு அவருக்கு உயரிய பட்டம் வழங்கியது. தாங், சோங் காலங்களின் எட்டு உரைநடை மேதைகளாகப் பிற்காலத்தார் தொகுத்த வரிசையில் அவரும் தந்தை சூ சுன்னும் தம்பியும் மூன்று இடங்களைப் பெற்றுள்ளனர்.