எம்.ஆர்.பி. யார் போட்ட விலை?

இந்த எபிசோடை எங்க அம்மாவோட மாத்திரை அட்டையில இருந்து ஆரம்பிக்கிறேன்.

அம்மாவுக்கு ஏழெட்டு வருஷமா பிரஷர். இரண்டு மருந்து சேர்ந்த ஒரே மாத்திரை, தினமும் ஒண்ணு. குரோம்பேட்டையில் எங்க வீட்டுக்குப் பக்கத்துக் கடையில்தான் வாங்குவாங்க. அட்டையைத் திருப்பி எம்.ஆர்.பி. பார்ப்பாங்க, பில்லில் அதைவிடக் குறைவா இருக்கான்னு பார்ப்பாங்க. 10 மாத்திரை 142 ரூபாய், அதில் 10 சதவீதம் தள்ளுபடி. அவங்களுக்குத் திருப்தி.

போன மாசம் அந்தக் கடை பூட்டியிருந்தது. வேற கடைக்கு நான் போனேன். “அதே மருந்துதான் சார், வேற கம்பெனி. தரட்டுமா?” என்றார் கடைக்காரர். டாக்டருக்கு போன் போட்டுக் கேட்டேன், கொடுக்கலாம் என்றார். விலை 38 ரூபாய். விலை குறைவா இருந்தது எனக்குப் பெரிய ஆச்சரியமில்லை. அந்த அட்டையிலும் எம்.ஆர்.பி. 130 ரூபாய்னு அச்சடிச்சிருந்தது. அதுதான் தூக்கிப் போட்டுச்சு.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா கேட்டாங்க: “அப்போ இத்தனை வருஷமா நான் எம்.ஆர்.பி. பார்த்துப் பார்த்து வாங்கினது எதுக்குடா?”

எனக்குப் பதில் தெரியல. தேட ஆரம்பிச்சேன். அந்தத் தேடல்தான் இந்த எபிசோடு.

விலை எழுதாத காலம்

பொருள் மேல விலை எழுதுவதே ரொம்பப் பழைய பழக்கம் இல்லை. உலகத்தின் பெரும்பாலான சந்தைகளில் விலை என்பது பேச்சில் பிறந்தது. கடைக்காரர் ஆளைப் பார்ப்பார், செருப்பைப் பார்ப்பார், அவசரத்தைப் பார்ப்பார், அப்புறம் ஒரு விலை சொல்வார். பேரம் பேசத் தெரிந்தவருக்கு ஒரு விலை, தெரியாதவருக்கு வேறொரு விலை.

17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் இதை ஏற்கவில்லை. நூறு ரூபாய்க்குக் கொடுக்கத் தயாராக இருந்துகொண்டு நூற்றைம்பது சொல்வது பொய் என்பது அவர்கள் வாதம். அதனால் எல்லோருக்கும் ஒரே விலை வைத்து விற்றார்கள். 19-ஆம் நூற்றாண்டில் பாரிஸின் பான் மார்ஷே கடையும், பிலடெல்பியாவில் ஜான் வானமேக்கரின் கடையும் விலைச்சீட்டைப் பெரிய அளவுக்குக் கொண்டுபோயின. இதில் நேர்மை மட்டுமில்லை, கணக்கும் இருந்தது. சின்னக் கடையில் முதலாளியே பேரம் பேசலாம். நூற்றுக்கணக்கான ஊழியர்கள் இருக்கிற கடையில் ஒவ்வொருவரையும் நம்பி விலையை விட முடியுமா? நம்ம ஊர் கடைகளில் “கறார் விலை” என்று போர்டு பார்த்திருப்பீங்களே, அதே சமாச்சாரம்தான்.

1990-ல் என்ன நடந்தது?

இப்போ இந்தியாவுக்கு வருவோம். பாக்கெட்டில் அடைத்து விற்கும் பொருட்களுக்கு 1977-ல் விதிகள் வந்தன. எடை, தயாரித்தவர் முகவரி, விலை எல்லாம் அச்சிட வேண்டும். ஆனால் விலையை இரண்டு விதமாகப் போடலாம். ஒன்று, எல்லா வரியும் சேர்த்த அதிகபட்ச சில்லறை விலை. இன்னொன்று, ஒரு விலை போட்டுவிட்டு “உள்ளூர் வரி தனி” என்று எழுதிவிடுவது.

இரண்டாவது வழியில்தான் ஓட்டை. உள்ளூர் வரி எவ்வளவுன்னு வாங்குறவருக்கு எப்படித் தெரியும்? வரி இரண்டு ரூபாய் என்றால் நாலு ரூபாய் சேர்த்து வாங்கிய கடைக்காரர்கள் இருந்தார்கள். இந்த ஓட்டையை 1990-ல் கொண்டுவந்த திருத்தம் அடைத்தது. இனி ஒரே வழிதான்: எல்லா வரியும் உள்ளடக்கிய அதிகபட்ச விலை. அதற்கு மேல் ஒரு பைசா வாங்கினாலும் குற்றம்.

எங்க அம்மா தலைமுறைக்கு இது பெரிய பாதுகாப்பு. பேரம் பேசத் தெரியாதவரும், ஊருக்குப் புதுசா வந்தவரும் பாக்கெட்டைக் காட்டி “இதுல இவ்வளவுதானே போட்டிருக்கு?” என்று கேட்க முடிந்தது. ஒரு அச்சடித்த எண் அவங்க பக்கம் நின்றது. எம்.ஆர்.பி. பார்த்து வாங்கு என்று அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்த நன்றியில்தான்.

உச்சவரம்பு யார் கையில்?

இதையெல்லாம் படித்தபோது எனக்குப் பிடிபட்ட விஷயம் இது. எம்.ஆர்.பி.க்கு மேல் விற்கக் கூடாது என்கிறது சட்டம். ஆனால் எம்.ஆர்.பி. எவ்வளவு இருக்கலாம் என்று பெரும்பாலான பொருட்களுக்குச் சட்டம் சொல்வதில்லை. அந்த எண்ணைப் போடுவது தயாரிப்பாளர், பாக்கெட் போடுபவர் அல்லது இறக்குமதி செய்பவர். அதை ஏதோ அரசாங்கம் நிர்ணயித்த விலை என்று நாமதான் நினைச்சுக்கிட்டிருக்கோம்.

அப்போ சோப்பு, பிஸ்கட் எல்லாம் ஏன் ஐந்து மடங்கு விலையில் இல்லை? ஏன்னா, அங்க தேர்ந்தெடுப்பது நாம, பணம் கட்டுவதும் நாம. ஒரு சோப்பு விலை ஏறினால் பக்கத்து சோப்பை எடுத்துக்குவோம். அந்தப் பயம் எம்.ஆர்.பி.யைத் தரையில் வைக்கிறது.

மருந்தில் கதை வேறு. எழுதுவது டாக்டர், எடுத்துக் கொடுப்பது கடை, காசு கொடுப்பது நோயாளி. தேர்ந்தெடுக்கிறவர் வேறு, பணம் கட்டுறவர் வேறு. அப்படி ஆகும்போது கம்பெனிகள் விலையைக் குறைத்துப் போட்டி போடுவதில்லை, நடுவில் இருப்பவருக்கு லாபத்தைக் கூட்டிக் கொடுத்துப் போட்டி போடுகின்றன. அதற்கு எம்.ஆர்.பி. எவ்வளவு உயரமோ அவ்வளவு வசதி. நான் வாங்கின அட்டையை அந்தக் கடைக்காரர் 130-க்கே விற்றிருந்தாலும் சட்டப்படி தப்பில்லை. 38-க்குக் கொடுத்தது அவருடைய மனசு.

இதன் உச்சம் இதய ஸ்டென்ட். 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் ஸ்டென்ட்டுக்கு உச்சவிலை வைத்தது. மருந்து பூசிய ஸ்டென்ட் சராசரியாக 1.21 லட்சம் ரூபாயில் இருந்தது, 29,600 ஆனது. சாதா உலோக ஸ்டென்ட் சராசரியாக 45,000-ல் இருந்தது, 7,260 ஆனது. விற்பனைச் சங்கிலியில் மிக அதிக லாபம் எடுத்தது மருத்துவமனைகள் என்றும், அது சில இடங்களில் 654 சதவீதம் வரை போனது என்றும் ஆணையத்தின் கணக்கு காட்டியது. ஆபரேஷன் டேபிளில் படுத்திருப்பவர் அட்டையைத் திருப்பிப் பார்த்து என்ன செய்வார்?

செல்போனுக்குள் திரும்பிய பேரம்

இது என் தொழில் சம்பந்தப்பட்டது, அதனால கொஞ்சம் கூச்சத்தோட சொல்றேன். முன்பு ஒரு ஷாப்பிங் ஆப்பின் கூப்பன் பகுதியில் வேலை பார்த்தேன். ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு எண்: எம்.ஆர்.பி., விற்பனை விலை. முதல் எண்ணின் வேலை ஒன்றே ஒன்று. திரையில் அதன் மேல் கோடு போட்டு அடிச்சுக் காட்டணும். பக்கத்தில் “60 சதவீதம் தள்ளுபடி” வரணும். நம்மைப் பாதுகாக்க வந்த எண், நம்மை வாங்க வைக்கிற எண்ணா மாறிடுச்சு.

ஆளுக்கொரு விலையும் புதுசில்லை. 2000-ல் அமேசானில் ஒரே டிவிடி வெவ்வேறு பேருக்கு வெவ்வேறு விலையில் தெரிந்தது. வாடிக்கையாளர்கள் கண்டுபிடித்துக் கொதித்தார்கள். விலையை மாற்றிப் பார்த்த சோதனைதான் என்று சொல்லி, 6,896 பேருக்கு அமேசான் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. செருப்பைப் பார்த்து விலை சொன்ன பழைய கடைக்காரர் ஞாபகம் வருதா? எனக்கு வந்தது.

சரி, நாம என்ன செய்யலாம்?

நான் இப்போ செய்வதைச் சொல்றேன். தள்ளுபடி சதவீதத்தைப் பார்ப்பதில்லை, கையைவிட்டுப் போகும் ரூபாயை மட்டும் பார்க்கிறேன். பாக்கெட்டில் கிராமுக்கு எவ்வளவு என்று தேடுகிறேன். 2021-ல் வந்த திருத்தம் இந்த அலகு விலையை அச்சிடச் சொல்கிறது. அதே 5 ரூபாய்க்குப் பாக்கெட் சுருங்கிக்கொண்டே போகும் வித்தையை அது காட்டிக் கொடுத்துவிடும்.

மருந்தில், பிராண்ட் பெயரை விட்டுவிட்டு அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் மூல மருந்தின் பெயரையும் அளவையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டாக்டரிடம் கேட்டுவிட்டு மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் போன்ற இடங்களில் அதே மருந்தின் விலையை விசாரியுங்கள். டாக்டரைக் கேட்காமல் மட்டும் மாற்றாதீங்க, ப்ளீஸ். மருத்துவமனை பில் என்றால் ஒவ்வொரு பொருளும் தனித்தனியாக இருக்கும் பில்லைக் கேளுங்கள்.

கடையில் எம்.ஆர்.பி.க்கு மேல் கேட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. ஒரு விதிவிலக்கு உண்டு: ஹோட்டலில் உட்கார்ந்து குடிக்கும் தண்ணீர் பாட்டிலுக்கு அதிகம் வாங்கலாம், அங்கே சேவையும் சேர்ந்திருக்கிறது என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அம்மாகிட்ட இதையெல்லாம் ஒரு சாயங்காலம் விளக்கினேன். பொறுமையா கேட்டாங்க. “நீங்க ஏமாறலம்மா. அந்த எண் கடைக்காரர்கிட்ட இருந்து உங்களைக் காப்பாத்துச்சு. எண்ணைப் போட்டவர்கிட்ட இருந்து காப்பாத்த அதால முடியாது” என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம் அலமாரியில் இருந்து அப்பாவோட சர்க்கரை மாத்திரை அட்டையை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாங்க. “இதுல அந்தச் சின்ன எழுத்துல என்ன போட்டிருக்குன்னு படி. எழுதிக்கிறேன்.”

உங்க வீட்டு அலமாரியிலும் அப்படி ஒரு அட்டை இருக்கும். இன்னைக்கே எடுத்துப் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.