சென்னையில் துலங்கிய புண்

பிறப்புறுப்பில் தோன்றும் புண்கள் எல்லாம் ஒரே நோயல்ல என்பது நிலைபெற நெடுங்காலம் ஆனது. வெட்டை நோயும் (கொனோரியா) கிரந்தியும் (சிபிலிஸ்) ஒன்றே என்று லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர் 1786இல் எழுதினார். இரண்டும் வேறு என்று பாரிஸில் மருத்துவர் ஃபிலிப் ரிக்கோர் 1838இல் நிறுவினார். நோயாளிகளின் சீழை அவர்கள் தொடையிலேயே ஏற்றிப் பார்த்துத்தான் அவர் இந்த முடிவுக்கு வந்தார். அந்த அறிவுக்கு அவர்கள் உடம்பே விலையானது. வலியில்லாத கெட்டிப்புண் கிரந்தியின் அடையாளம், வலிக்கும் மென்புண் வேறு நோய் என்ற பிரிவு 1852இல் வந்தது.

இவை இரண்டிலும் சேராத ஒரு புண் இந்தியாவில் இருந்தது. செக்கச்செவேலென்று சதை வளர்ந்து, தொட்டால் ரத்தம் கசியும், வலி இராது, மெல்லப் படர்ந்து உறுப்பையே அரிக்கும். கல்கத்தாவில் மருத்துவர் மக்லியோட் 1882இல் இதை விவரித்தார். காரணம் தெரிந்தது சென்னையில். அரசு பொது மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் சார்லஸ் டோனவன், 1905இல் வார்டு பாய் ஒருவரின் வாயில் இருந்த இதே வகைப் புண்ணிலிருந்து எடுத்த கசிவை நுண்ணோக்கியில் பார்த்தார். பெரிய வெள்ளணுக்களுக்குள்ளே நுண்ணுருக்கள் அடைந்து கிடந்தன. கிரந்திக் கிருமியை பெர்லினில் ஷௌடினும் ஹோஃப்மனும் கண்டதும் அதே ஆண்டுதான்.

டோனவன் அவற்றை ஓரணு உயிரிகள் என்று கருதினார். உண்மையில் அவை பாக்டீரியா. ஆனால் அவர் கண்ட அடையாளம் பொய்க்கவில்லை. புண்ணின் விளிம்பில் சிறு துணுக்கைக் கிள்ளி, ஸ்லைடில் தேய்த்து, கீம்சா சாயம் ஏற்றினால், இரு முனையிலும் சாயம் அடர்ந்த கிருமிகள் மூடிய ஊக்குபோலத் தெரியும். இந்த ஒரு ஸ்லைடுதான் மருந்தை முடிவுசெய்தது: கிரந்திக்கு 1910 முதல் சல்வார்சான் என்ற மருந்து கிடைத்தது, இந்தப் புண்ணுக்குப் பயன்பட்டதோ, பிரேசில் மருத்துவர்கள் கண்டறிந்த ஆன்டிமனி மருந்து. அன்று தவறாகக் கணித்தால் நோயாளிக்கு நச்சு மருந்து மட்டுமே மிஞ்சும், புண் ஆறாது.

இந்நோய் பற்றிச் சென்னைப் பேராசிரியர் ஆர்.வி. ராஜமும் பி.என். ரங்கையாவும் எழுதிய விரிவான நூலை உலக சுகாதார நிறுவனம் 1954இல் வெளியிட்டது. அதன் பெயரே ‘டோனவனோசிஸ்’. நோய் இன்று அரிதாகிவிட்டது; அசித்ரோமைசின் மாத்திரையில் குணமாகிறது. நோயை உறுதிசெய்ய மருத்துவர்கள் இன்றும் நாடுவது டோனவன் கண்ட அதே நுண்ணுருக்களைத்தான்.