கூலிக்கு ஆடியவர்கள்



யாரை நினைவில் வைப்பது, யாரை மறப்பது என்பதை இந்த நாட்டில் நெடுங்காலமாக வேறு யாரோதான் முடிவு செய்துவந்திருக்கிறார்கள். அந்த முடிவை நம் கையில் எடுத்துக்கொள்வதற்காகவே ஆண்டுதோறும் இந்த நினைவுச் சொற்பொழிவை நடத்துகிறோம். இவ்வாண்டு நினைவையும் மரியாதையையும் பற்றிய ஒரு கேள்வியை, இலக்கிய மேடைக்குச் சற்றுப் புதிதான இடத்திலிருந்து எடுத்துக்கொள்கிறோம். சம்பளத்துக்கு ஆடும் கால்பந்து வீரருக்கு நாட்டின் விருது தகுமா?

2025ஆம் ஆண்டின் பத்மஸ்ரீ பட்டியலில் ஐ.எம். விஜயன் பெயர் இருந்தது. தமிழ்நாட்டில் பலருக்கு அவரை 'திமிரு', 'கொம்பன்' படங்களின் வில்லனாகத் தெரியும். அதற்கு முன்பே அவர் இந்தியக் கால்பந்து அணியின் தலைவர். திருச்சூரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, அந்த ஊர் மைதானத்தில் ஆட்டம் பார்க்க வருபவர்களுக்குச் சோடா விற்ற சிறுவன். கேரளப் போலீஸ் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. 1990இல் அதே திருச்சூரில் அந்த அணி பெடரேஷன் கோப்பையை வென்றது. பிறகு மோகன் பகான், ஜே.சி.டி. மில்ஸ், எஃப்.சி. கொச்சின், ஈஸ்ட் பெங்கால் என்று சம்பளம் பேசி ஆடினார். 2003இல் அர்ஜுனா விருது வந்தது. பத்மஸ்ரீ வந்தபோது அவர் ஆட்டத்தை நிறுத்தி ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஒரு விளையாட்டு வீரருக்கு விருது என்றதும் டீக்கடை முதல் தலையங்கம் வரை ஒரு வாதம் தவறாமல் எழும். "காசு வாங்கித்தானே ஆடினார்? அதற்கு மேல் விருது எதற்கு?" பார்த்தால் நியாயமான கேள்வியாகத்தான் தோன்றும். ஆனால் அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் நாம் அந்த வாதத்தின் பக்கம் நிற்க முடியாது.

நம் மொழியிலிருந்தே தொடங்குவோம். மனம் ஒட்டாமல் வேலை செய்பவரை 'கூலிக்கு மாரடிக்கிறான்' என்று ஏசுகிறோம். சாவு வீட்டில் கூலி வாங்கிக்கொண்டு மாரடித்தவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். அவர்களுடைய பிழைப்பு ஊருக்கெல்லாம் வசைச்சொல் ஆகிவிட்டது. 'வெட்டி வேலை' என்ற சொல்லையும் பாருங்கள். இன்று அதற்குப் பயனற்ற வேலை என்று பொருள். அன்று அது கூலி இல்லாமல் கட்டாயமாக வாங்கப்பட்ட உழைப்பு. கூலி இல்லாமல் செய்தால் வெட்டி, கூலி கேட்டுச் செய்தால் மாரடிப்பு. இரண்டு வழியிலும் உழைத்தவனுக்கு மரியாதை இல்லை. பம்பாய் மாகாணத்தில் மகர் வதன் என்ற பெயரில் நடந்த ஊர் ஊழியத்தை ஒழிக்க அண்ணல் அம்பேத்கர் 1928இல் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தபோது கேட்டவற்றில் முதன்மையானது உழைப்புக்கு உரிய கூலி. வெட்டி செய்த மக்களுக்குக் கூலி ஒரு விடுதலை. அதைக் கறையாகப் பார்த்தவர்கள் கூலி வாங்க வேண்டிய தேவையே இல்லாதவர்கள்.

கால்பந்தின் வரலாற்றிலும் இதுவே நடந்தது. விதிகள் எழுதப்பட்ட இங்கிலாந்தில் முதலில் இது பணக்காரப் பள்ளிகளில் படித்த கனவான்களின் ஆட்டம். காசுக்காக ஆடாதவரே உண்மையான ஆட்டக்காரர் என்பது அவர்கள் கொள்கை. நிலமும் வட்டியும் சோறு போடும்போது அந்தக் கொள்கையைக் காப்பது எளிது. 1883இல் பிளாக்பர்ன் ஒலிம்பிக் என்ற அணி எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர்களை 2-1 என்று வென்றது. அந்த அணியில் நெசவாளிகளும், நூற்பாலைத் தொழிலாளியும், குழாய் வேலை செய்பவரும் இருந்தார்கள். கோப்பை முதன்முறையாக உழைப்பவர் கைக்கு வந்தது. அதன்பின் சம்பளம் கொடுப்பதைப் பற்றிய கூச்சல் பெரிதானது. மறு ஆண்டே ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுத்ததாகப் பிரஸ்டன் அணி கோப்பைப் போட்டியிலிருந்து விலக்கப்பட்டது. ஆலை நகரங்களின் அணிகள் தனிச்சங்கம் காண்போம் என்று மிரட்டிய பிறகே 1885இல் சம்பளத்துக்கு ஆடுவது அனுமதிக்கப்பட்டது. சனிக்கிழமை வேலையை விட்டு ஆட வந்தால் அன்றைய கூலி போகும். அதை ஈடுகட்டும் பணத்தைத்தான் அவர்கள் ஊழல் என்றார்கள்.

அனுமதித்தபின் கட்டிப்போட்டார்கள். 1901இல் வாரத்துக்கு 4 பவுண்டுக்கு மேல் சம்பளம் கூடாது என்று விதி வந்தது. அந்த உச்சவரம்பு 1961இல் வீரர்களின் தொழிற்சங்கம் வேலைநிறுத்தத்துக்குத் தயாரான பிறகுதான் போனது. அப்போதும் அது 20 பவுண்டாகவே இருந்தது. ஒப்பந்தம் முடிந்த வீரரையும் கிளப் விடாமல் பிடித்துவைத்திருக்கும் முறை, 1963இல் ஜார்ஜ் ஈஸ்தம் தொடுத்த வழக்கில் நியாயமற்றது என்று தீர்ப்பாகியது.

பெண்களுக்கு நேர்ந்ததையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பிரஸ்டனில் போர்த்தளவாட ஆலையில் வேலை செய்த பெண்கள் 'டிக், கெர்' அணியாகத் திரண்டார்கள். 1920 டிசம்பரில் லிவர்பூல் நகரில் அவர்கள் ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். மறு ஆண்டு கால்பந்துச் சங்கம் தன் மைதானங்களைப் பெண்களுக்கு அடைத்துவிட்டது. இந்த ஆட்டம் பெண்களுக்கு ஒவ்வாது என்பது ஒரு காரணம். வசூல் பணம் முறையாகச் செலவாகவில்லை என்பது இன்னொரு காரணம். மீண்டும் அதே பணப்பேச்சு! தடை ஐம்பது ஆண்டுகள் நீடித்தது.

இப்படிப்பட்ட நாட்டில் சம்பளத்துக்கு ஆடிய ஒரு கால்பந்து வீரருக்கு 'சர்' பட்டம் கிடைக்க 1965 வரை ஆனது. ஸ்டான்லி மேத்யூஸ்தான் அதைப் பெற்ற முதல் வீரர். மறு ஆண்டு இங்கிலாந்து உலகக் கோப்பையை வென்றது. பயிற்சியாளருக்கும் அணித்தலைவருக்கும் 1967லேயே விருது வந்தது. இறுதியாட்டத்தில் ஆடிய பதினொருவரில் ஐவர் 2000 வரை காத்திருந்தார்கள். அவர்களில் ஒருவரான ரே வில்சன், ஆட்டம் முடிந்தபின் சவ அடக்கத் தொழில் செய்து வாழ்ந்தார்.

கறுப்பர்களின் கணக்கு இன்னும் நீளமானது. இன்றைய கானாவின் அக்ராவில் பிறந்த ஆர்தர் வார்ட்டன்தான் உலகின் முதல் கறுப்பினத் தொழில்முறைக் கால்பந்து வீரர் என்று அறியப்படுகிறார். கடைசிக் காலத்தில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்து 1930இல் இறந்தார். அவர் கல்லறைக்கு ஒரு பெயர்க்கல் நட 1997 வரை ஆனது. பிளிமத் அணியின் ஜாக் லெஸ்லி 1925இல் இங்கிலாந்து அணிக்கு அழைக்கப்பட்டு, பிறகு அவர் நிறம் தெரிந்ததும் நீக்கப்பட்டார். முதுமையில் வேறொரு கிளப்பில் இளம் வீரர்களின் பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். அணியில் இடம் பெற்றதற்கு அடையாளமான தொப்பியைக் கால்பந்துச் சங்கம் 2023இல் வழங்கியது. அவர் இறந்து 35 ஆண்டுகள் ஆகியிருந்தன.

கூலியை இழிவாகப் பார்க்கும் இந்தப் பார்வை இந்தியாவில் சாதியோடு சேர்ந்தபோது என்ன ஆனது என்பதைக் காண, கால்பந்தைவிட்டு ஒரு நிமிடம் கிரிக்கெட்டுக்குப் போக வேண்டும். பல்வங்கர் பாலு தோல் தொழில் செய்யும் சாதியில் பிறந்தவர். புனேயில் ஆங்கிலேயர் கிளப்பில் மாதம் 4 ரூபாய்க்கு ஆடுகளம் பராமரித்தார். பயிற்சியில் துரைமார்களுக்கு மணிக்கணக்கில் பந்து வீசினார். மட்டை பிடிப்பது துரையின் வேலை, பந்து வீசுவது கூலியின் வேலை. ஆகவே அவரிடம் மட்டையைக் கொடுக்கவில்லை. பிறகு இந்து கிளப் அவரைச் சேர்த்துக்கொண்டது. களத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே, மண் குவளையில் தேநீர். 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்காக நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகள் எடுத்தார். ஆனாலும் பம்பாய் போட்டிகளில் இந்து அணியின் தலைமை அவருக்குத் தரப்படவே இல்லை. அது 1923இல் அவர் தம்பி விட்டலுக்குக் கிடைத்தது. பத்ம விருதுகள் 1954இல் தொடங்கின. பாலு 1955இல் மறைந்தார். அந்தப் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

அவர் திறமையை வாங்கிக்கொண்டார்கள், நான்கு ரூபாயைக் கொடுத்தார்கள், கணக்கு முடிந்தது என்றார்கள். "காசு வாங்கித்தானே ஆடினார்" என்பதன் உட்பொருள் இதுதான். கூலி கொடுத்தால் மனிதனோடு உள்ள உறவு அத்தோடு முடிந்தது, மரியாதை தனியாகத் தர வேண்டியதில்லை என்கிறார்கள். மருத்துவரும் இசைக் கலைஞரும் விஞ்ஞானியும் ஊதியம் பெறாமலா பத்ம விருது வாங்குகிறார்கள்? அவர்களிடம் யாரும் இதைக் கேட்பதில்லை. உடல் உழைப்பால் உயர்ந்தவரிடம் மட்டும்தான் கேட்கிறார்கள்.

ஆகவே நம் பதில் தெளிவானது. சம்பளத்துக்கு ஆடுபவருக்கு விருது தகும். சம்பளம் அதற்குத் தடையே அல்ல. ஆனால் அம்பேத்கரின் மாணவர்களாகிய நாம் இதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது.

அரசியலமைப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. அதற்கு அடுத்த 18ஆவது பிரிவு பட்டங்களை ஒழிக்கிறது. இரண்டும் சமத்துவ உரிமை என்ற ஒரே தலைப்பின் கீழ் அடுத்தடுத்து நிற்கின்றன. பிறப்பால் கீழே தள்ளப்பட்டவர் இருக்கக் கூடாது என்றால், பட்டத்தால் மேலே தூக்கப்பட்டவரும் இருக்கக் கூடாது. ஒன்றில்லாமல் மற்றொன்று முழுமையாகாது. இதனால்தான் பத்ம விருதுகள் மீது வழக்கு வந்தது. இவை பட்டங்கள் அல்ல, பெயருக்கு முன்னும் பின்னும் போட்டுக்கொள்ளக் கூடாது என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விருது மனிதனை உயர்த்துவதல்ல, அவன் செய்த வேலையை நாடு ஒப்புக்கொள்வது என்று நாம் இதைப் புரிந்துகொள்கிறோம். பாரத ரத்னாவின் வரையறையில் 2011 வரை விளையாட்டுக்கு இடமில்லை. அந்த விருது அம்பேத்கருக்கு வந்ததே 1990இல், அவர் மறைந்து 34 ஆண்டுகள் கழித்து. ஒப்புக்கொள்ள இந்த நாடு எவ்வளவு தாமதிக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

விருதை மறுக்கும் உரிமையும் இதில் அடங்கும். லிவர்பூல் அணிக்கு ஆடிய முதல் கறுப்பின வீரர் ஹோவர்ட் கேல். இனவெறிக்கு எதிரான பணிக்காக 2016இல் அவருக்கு 'பிரிட்டிஷ் பேரரசின் உறுப்பினர்' என்ற பொருள்படும் விருது தர முன்வந்தார்கள். அந்தப் பேரரசின் கீழ் மாண்ட ஆப்பிரிக்கர்களுக்குத் துரோகமாகும் என்று அவர் மறுத்துவிட்டார். அவருக்கு மரியாதை வேண்டாம் என்றில்லை. யார் பெயரால் தருகிறார்கள் என்று கேட்டார். அதே நாட்டில் வேறு பல கறுப்பின வீரர்கள் விருதை ஏற்றார்கள். அவர்களையும் நாம் குறை சொல்லவில்லை. ஏற்பதும் மறுப்பதும் பெறுபவரின் சுயமரியாதை. கொடுப்பவர் அதைக் கடனை அடைத்ததற்கான ரசீதாகக் காட்டும்போதுதான் நாம் குறுக்கே நிற்க வேண்டும்.

விஜயனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்ததில் நமக்கு மகிழ்ச்சி. ஆனால் சோடா விற்ற ஒரு சிறுவன் போலீஸ் அணியில் ஆடி, அந்த வேலையால் நிமிர்ந்து நின்றதற்கு அடிப்படை ஒரு மைதானமும் ஒரு நிரந்தர வேலையும். போலீசும் ரயில்வேயும் வங்கிகளும் ஆலைகளும் நடத்திய அணிகள்தான் நெடுங்காலம் ஏழை வீட்டு ஆட்டக்காரனுக்குச் சோறு போட்டன. அந்த வேலைகள் சுருங்கி, மைதானங்களுக்குப் பூட்டும் கட்டணமும் வந்துவிட்டால், விருதுப் பட்டியல் மட்டும் நீண்டு என்ன பயன்? வியாசர்பாடியில் பந்து உதைக்கும் பிள்ளைக்குப் பதக்கத்தைக் காட்டிவிட்டு மைதானத்தைப் பிடுங்கிக்கொள்வது பழைய நான்கு ரூபாய்க் கணக்கின் புதிய வடிவம்.

மாணவ நண்பர்களிடம் இரண்டு வேலைகளை ஒப்படைக்கிறோம். பத்ம விருதுக்கு எந்தக் குடிமகனும் பெயரைப் பரிந்துரைக்கலாம். அந்த வழியை நாம் பயன்படுத்த வேண்டும். அதைவிட முக்கியமானது இன்னொன்று. உங்கள் சேரியில், காலனியில், குப்பத்தில் ஒரு காலத்தில் பந்தாடிய பெரியவர் ஒருவர் இருப்பார், அக்கா ஒருவர் இருப்பார். எந்த அணிக்கு ஆடினார், என்ன கூலி கிடைத்தது, யார் தண்ணீர் தர மறுத்தார்கள் என்று அவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். வார்ட்டனின் கல்லறைக்குப் பெயர்க்கல் வர 67 ஆண்டுகள் ஆயின. நம்மவர் ஒருவருக்கும் அவ்வளவு காலம் ஆகக் கூடாது.

ஜெய்பீம்.