எலும்பு தின்ற ஒட்டகம்: உடல்வளர்ச்சியில் மரபின் பங்கு குறித்துப் புல்லியட்டோடு ஒரு வாதம்

அகநானூற்று 245ஆம் பாட்டில் ஓர் ஒட்டகம் வருகிறது. பாலை வழியில் குன்றின்மேல் காய்ந்து கிடக்கும் வெள்ளெலும்பு அதன் பசியைத் தீர்க்கிறது. ஒட்டகத்தின் வளர்ச்சியையும் இறைச்சியையும் மரபணு எவ்வளவு தீர்மானிக்கிறது என்று பேச வந்த இடத்தில் இந்தப் பாட்டை ஏன் எடுக்கிறேன் என்பதைச் சொல்ல, முதலில் ரிச்சர்ட் புல்லியட்டிடம் போக வேண்டும்.

'ஒட்டகமும் சக்கரமும்' என்ற அவருடைய நூல் 1975இல் வந்தது. ஒட்டக வரலாறு எழுதும் எவரும் அதைத் தாண்டிச் செல்ல முடியாது. நானும் அதிலிருந்து கற்றவன்தான். ஒற்றைத் திமில் ஒட்டகம் கி.மு. 3000க்கும் 2500க்கும் இடையில் தென் அரேபியாவில் பழக்கப்பட்டது, முதல் நோக்கம் பால் என்பது அவர் முடிவு. சோமாலியர் ஒட்டகத்தில் ஏறிச் செல்வதில்லை, பாலுக்காகவே பேணுகிறார்கள். ஆகவே அவர்களிடம் இருப்பது மிகப் பழைய நிலை என்று அவர் கொண்டார்.

இந்த வாதத்தை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. இன்றைய வழக்கம் ஒன்று ஐயாயிரம் ஆண்டுகளாக மாறாமல் நின்றது என்று கொள்ள என்ன ஆதாரம்? சோமாலியர் ஒட்டக இறைச்சியும் உண்கிறார்கள். அதைப் பழமையின் எச்சமாக ஏன் எண்ணக் கூடாது? மண்ணுக்கடியில் கிடைத்தவையும் பாலுக்குச் சாட்சி சொல்லவில்லை. துபாயின் அல் சுஃபூவில் குவியலாகக் கிடைத்தவை காட்டு ஒட்டக எலும்புகள். அவை வேட்டையாடித் தின்னப்பட்டவை. அதே பகுதியிலுள்ள டெல் அப்ரக் என்ற தொல்மேட்டில் ஏறத்தாழ கி.மு. 1000 அளவில்தான் எலும்புகள் சிறுக்கத் தொடங்குகின்றன. அங்கு முறையான அகழாய்வு 1989இல்தான் தொடங்கியது என்பதால், இதைப் பார்க்கும் வாய்ப்புப் புல்லியட்டுக்கு அன்று இல்லை. 1,083 இன்றைய ஒட்டகங்களையும் பழைய எலும்புகளையும் ஒப்பிட்டு 2016இல் வெளிவந்த மரபணு ஆய்வு தென்கிழக்கு அரேபியாவையும் கி.மு. இரண்டாம் ஆயிரத்தின் பிற்பகுதியையும் நோக்கியே கை காட்டுகிறது. புல்லியட்டின் காலக்கணிப்பு ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக முந்திப் போய்விட்டது என்றே நினைக்கிறேன்.

ஆனால் அவரை மறுக்கும் சான்றிலும் ஒரு பலவீனம் இருக்கிறது. எலும்பு சிறுத்ததைப் பழக்கப்பட்டதன் அடையாளமாக, பரம்பரை மாற்றமாக வாசிக்கிறோம். அது பரம்பரையால்தான் சிறுத்ததா, தீனி இல்லாமல் சிறுத்ததா?

இங்கேதான் அந்தச் சங்கப்பாட்டு எனக்குப் பெரிதாகிறது. முள்ளும் தழையும் மேயும் விலங்கு எலும்பைக் கடிப்பது புலவரின் கற்பனை என்று தள்ளிவிடத் தோன்றும். தள்ள வேண்டியதில்லை. மேய்ச்சலில் பாஸ்பரஸ் குறைந்தால் ஆடுமாடுகளும் ஒட்டகமும் எலும்பைத் தேடிக் கடிக்கும். தென்னாப்பிரிக்காவில் மாடுகள் எலும்பு தின்பதற்கு இந்தக் குறையே காரணம் என்று கால்நடை மருத்துவர் ஆர்னால்டு தைலர் 1920களில் நிறுவினார். புலவர் கண்டது, அல்லது கண்டவரிடம் கேட்டது, ஒரு பற்றாக்குறையின் அறிகுறி. இளமையில் இந்தக் குறை வந்த கன்று, நெட்டை மரபில் பிறந்திருந்தாலும் குட்டையாகவே நிற்கும். எலும்பின் நீளத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. 2016 ஆய்வு பழைய எலும்புகளிலிருந்து எடுத்தது தாய்வழி மரபணுவை. அது வம்சத்தைச் சொல்லும், வளர்ச்சியைச் சொல்லாது.

மரபே பொருட்டில்லை என்று நான் சொல்லவில்லை. நெடுங்கால் ஜைசல்மேரி சவாரிக்கும், கனத்த பிக்கானேரி வண்டிக்கும், மேவாரி மலைச்சரிவுக்கும் பாலுக்கும் என்று ராஜஸ்தானில் இனங்கள் பிரிந்து நிற்பது தலைமுறை தலைமுறையாக நடந்த தேர்வின் பலன். ஒட்டகம் வளர்க்கும் ரைக்காக்களுக்கு அதை அறுப்பது மரபில் விலக்கு. ஆகவே அங்கே யாரும் தசைக்காக ஆண் ஒட்டகத்தைத் தேர்ந்ததில்லை. பெல்ஜியன் புளூ மாட்டின் தசைப்பெருக்கத்துக்கு மயோஸ்டாட்டின் மரபணுவில் விடுபட்டுப்போன 11 எழுத்துகளே காரணம் என்று 1997இல் தெரியவந்தது. மனிதர்கள் விரும்பித் தேர்ந்ததால் அந்தப் பிழை இனமாக நிலைத்தது. ஒட்டகத்துக்கு அப்படி ஒரு வரலாறு அமையவில்லை. அதன் இறைச்சி முரடு என்ற பேச்சில் மரபைவிட வயதுக்கே பங்கு அதிகம்: உழைத்து ஓய்ந்த பிறகு அறுபடும் விலங்கின் இணைப்புத்திசு இறுகித்தான் இருக்கும்.

தமிழ்ப் பக்கம் இன்னொரு நூலிழை உண்டு. கடலூருக்கு வடக்கே, இன்றைய மரக்காணம் என்று கருதப்படும் எயிற்பட்டினத்தில், அலை ஒதுக்கிய அகில் கட்டைகளைப் படுத்துறங்கும் ஒட்டகங்களுக்கு ஒப்பிடுகிறது சிறுபாணாற்றுப்படை. உவமை எளிதாக வந்து விழுகிறது; கேட்டவர்களுக்கு அந்தப் படுக்கை தெரிந்திருக்க வேண்டும். தொல்காப்பிய மரபியலோ கன்று என்னும் பெயரை ஒட்டகத்துக்கும் ஒருவகையில் உரியதாக்குகிறது. சுமை சுமந்து வந்து திரும்பிப் போனவை வளர்ந்த விலங்குகள் மட்டும் என்றால், அதன் இளமைக்கு இலக்கணம் எதற்கு? கன்று இந்த மண்ணிலேயே பிறந்திருக்கலாம், இங்கேயே மேய்ந்து வளர்ந்திருக்கலாம் என்று கருதுகிறேன். மரபியலில் பிற்காலச் சேர்க்கைகள் உண்டு என்போர் இருக்கிறார்கள். இந்த நூற்பா அவற்றில் ஒன்றானால், அந்தக் கன்றின் காலம் சில நூற்றாண்டுகள் கீழிறங்கும்.