கோணிய முகமும் இரு தொழில்களும்

முகத்தின் நடுவே ஒரு கோடு கிழித்தால் இரு பாதியும் அச்சாக ஒத்திருப்பவர் உலகில் எவருமிலர். சிறு வேற்றுமை அழகுக்கு ஊறன்று. மோவாய் ஒருபுறம் ஒதுங்கி, மேற்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தாமற் போகும்போதுதான் உண்பதும் பேசுவதும் இடர்ப்படுகின்றன. எங்கள் பாபநாசம் வட்டாரத்தில் இதனைத் தலையெழுத்து என்று விட்டுவிடுவதே நெடுங்கால வழக்கம். பெண் பார்க்க வந்தவர்கள் காப்பி அருந்திவிட்டு, “ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்” என்று எழுந்து சென்ற வீடுகளை நான் அறிவேன்.

குழந்தை திண்ணையிலிருந்து விழுந்து மோவாயில் அடிபட்டால், காதருகே உள்ள தாடை மூட்டு ஊறுபடலாம். அப்பக்கம் வளர்ச்சி குன்றும். மோவாய் அப்பக்கமே திரும்பும். வேறு சிலர்க்கு ஒரு பக்கத்து மூட்டு மட்டும் மிகையாக வளர்ந்து மோவாயை மறுபக்கம் தள்ளும்.

இத்தகைய எலும்பை அறுத்துத் திருத்தும் முயற்சியை 1849இல் அமெரிக்காவின் வீலிங் நகரில் சைமன் ஹல்லிஹென் தொடங்கினார். சிறுவயதில் தீப்பட்டு, கழுத்துத் தழும்பால் கீழ்த்தாடை இழுபட்டு நீண்ட ஓரிளம்பெண்ணுக்கு அவர் தாடையில் ஒரு துண்டை அறுத்தெடுத்தார். 1897இல் செயின்ட் லூயி நகரில் வில்ரே பிளேர் நீண்ட கீழ்த்தாடையை இருபுறமும் அறுத்துக் குறைத்தார். பல்வரிசைச் சீரமைப்பின் தந்தையெனப் போற்றப்படும் எட்வர்ட் ஆங்கிள் அச்சிகிச்சையைப் பற்றி எழுதினார். இரு தொழில்களும் அங்கே சந்தித்தன. ஆயினும் இணைந்து நடக்க அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று.

இணைய வேண்டிய காரணத்தை எங்கள் ஊர்த் தச்சரே விளக்கிவிடுவார். வாசல் நிலை கோணியிருந்தால், கதவை இழைத்து அக்கோணலுக்கே பொருத்திவிடுவார். பின்னர் நிலையை நிமிர்த்தினால் கதவு சாத்தாது. பற்களும் அவ்வாறே. தாடை கோணக் கோண அவை தாமே சாய்ந்து, ஒன்றையொன்று எட்டிப் பிடித்துக்கொள்ளும். எலும்பை மட்டும் நேராக்கினால் பல் பொருந்தாது. பல்லை மட்டும் அடுக்கினால் முகம் கோணியே நிற்கும். ஆகவே முதலில் ஓராண்டு, ஒன்றரையாண்டு கம்பியிட்டுச் சாய்ந்த பற்களை நிமிர்த்த வேண்டும். அதனால் கடி இன்னும் கெடும். கோணல் கூடுதலாகத் தெரியும். சிகிச்சைக்கு அனுப்பிய பிள்ளையை முன்னினும் கோணிய முகத்தோடு காணும் தாயின் நெஞ்சு என்ன பாடுபடும்! இதனை முன்கூட்டியே சொல்லாத மருத்துவரை நல்ல மருத்துவரென்று நான் கொள்ளேன்.

1931இல் பிராட்பென்ட் தலையை அசையாது நிறுத்தி எக்ஸ்ரே எடுக்கும் கருவியை வெளியிட்டபின், கோணலை அளந்து பார்க்க வழி பிறந்தது. 1950களில் ஹியூகோ ஒப்வெகேசர், வெளியே தழும்பின்றி வாயினுள்ளேயே கீழ்த்தாடையை நெடுக்கில் பிளந்து நகர்த்தும் முறையை வகுத்தார். மேல்தாடையும் சாய்ந்திருப்பின் இரண்டையும் ஒருங்கே திருத்தும் வழி பின்னர் வந்தது.

தமிழ்நாட்டில் 1953இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் பிரிவாகப் பல் மருத்துவக் கல்வி தொடங்கிற்று. 1980இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பல் மருத்துவக் கல்லூரி எழுந்தது. சிதம்பரம் எங்களுக்குத் தொலைவன்று.

இச்சிகிச்சையைப் பொதுவாக வளர்ச்சி நின்றபின்பே செய்வர். நரம்பு தாடைக்குள் ஓடுவதால் கீழுதடு மரத்துப் போவதுண்டு. சிலர்க்கு அது முற்றிலும் நீங்குவதில்லை. அறுவைக்குப் பின்னும் சில மாதம் கம்பி இருக்கும். நெல் விளையும் நாட்டில் பிறந்தவரும் முதற் சில வாரம் கஞ்சியோடுதான் காலம் கழிக்க வேண்டும்.